கால்நடை: மூன்று

கொழுந்து மடுவத்துச் சுவரில் பட்டியலை ஒட்டியிருந்தார்கள். கொழுந்து நிறுக்கிற அந்தக் கொட்டகைதான் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கல்யாணச் செய்தி முதல் கரண்டு வெட்டு வரை எல்லா அறிவித்தலுக்கும் இடம். இரண்டு தாள்கள். கோதுமை மாப் பசை இன்னும் காயவில்லை. அதன் புளித்த வாடையும் காலையில் கொட்டிய கொழுந்தின் பச்சை வாடையும் கலந்து அடித்தன. முப்பது நாற்பது பேர் முண்டிக்கொண்டு நின்றார்கள். நான் கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் தாளை மேலிருந்து கீழாக வாசித்தேன். அப்பாவின் பெயர் இல்லை. கீழிருந்து மேலாக வாசித்தேன். அப்போதும் இல்லை.

இரண்டாவது தாளில் இருந்தது. "சூசை. கால்நடை: 3. இரண்டாம் கட்டத்தில் கவனிக்கப்படும்."

எங்கள் வீட்டில் ஒரு கோழி கிடையாது. அம்மா இருந்த காலத்தில் ஒரு பூனை இருந்தது. அதுவும் அம்மா போன கையோடு அடுத்த லயத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. மூன்று கால்நடை எங்கேயிருந்து வந்தன?

"தங்கச்சி, எங்க பேரு இருக்கான்னு கொஞ்சம் பாரு. எனக்கு இந்தப் பொடி எழுத்து தெரிய மாட்டேங்குது" என்று முதுகுக்குப் பின்னால் ஒரு குரல். முத்துலெட்சுமி அக்கா. லயம் என்ற எங்கள் வரிசைக் குடியிருப்பில் அப்பாவின் காம்பராவுக்கு அடுத்த காம்பரா அவளுடையது. இடையில் ஒரு சுவர்தான். அவள் வீட்டில் தாளிக்கும் கடுகு எங்கள் வீட்டில் வெடிக்கும்.

முதல் தாளில் ஆறாவது வரியில் அவள் இருந்தாள். "முத்துலெட்சுமி. கால்நடை: இல்லை."

"இருக்குக்கா" என்றேன்.

"முனியாண்டி காப்பாத்துனாரு. மாமா பேரு?"

"ரெண்டாவதுல."

"அதென்னா ரெண்டாவது?" என்று கேட்டாள். அவ்வளவு அப்பாவியாகக் கேட்டாள். கேட்டபோது அவள் தோளில் புல்லுக்கட்டுக் கயிறு தொங்கியது. பாவாடை ஓரத்தில் சாணி ஒட்டியிருந்தது. அவள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பசு, ஒரு கிடேரி, ஒரு கன்று. கூட்டிப் பாருங்கள். மூன்று.

தன் மாட்டையெல்லாம் எங்கப்பா பெயரில் எழுத வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல் வந்து நிற்கிறாளே என்று எனக்கு வயிறு எரிந்தது.

அந்தத் தாளில் என்ன இருந்தது

மடுல்சீமைப் பக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பதுளையிலிருந்து பசறை போய், பசறையிலிருந்து இன்னொரு பஸ் பிடித்து, வளைவு வளைவாக ஏறி, தலை சுற்றி இறங்கினால், அங்கேதான் எங்கள் தோட்டத்துக்குப் பிரியும் ரோடு ஆரம்பிக்கும். ரோடு என்பது மரியாதைக்குச் சொல்வது. நான் பதுளையில் குடியிருந்தாலும், மாதம் இரண்டு தடவை அப்பாவைப் பார்க்க அந்த ரோட்டில் இறங்கி நடப்பவள்.

எங்கள் லயத்துக்குப் பின்னால் மலை வெடித்திருந்தது. முதலில் விரல் நுழையும் வெடிப்பு. அடுத்த மழைக்குக் கை நுழைந்தது. கழுத்தில் அட்டை தொங்கவிட்டுக்கொண்டு ஆட்கள் வந்து அளந்து, லயத்துச் சுவரில் சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். இருட்டிக்கொண்டு மழை வந்தால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டும். அப்பா, தம்பி, தம்பி மனைவி, இரண்டு பிள்ளைகள், ஐந்து பேர் அந்த ஒரே காம்பராவில். வெடிப்பைத் தம்பி மனைவி தினமும் விளக்குமாற்றுக் குச்சியால் அளப்பாள். அளந்துவிட்டு அழுவாள்.

தோட்டத்தின் மேற்பிரிவில் மட்டமான நிலம் பார்த்து வீடு கட்டித் தர ஒரு திட்டம் வந்தது. யாருடைய திட்டம் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. ஒரேயொரு நிபந்தனை இருந்தது. அந்த நிலத்துக்குக் கீழேதான் பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் வரும் ஊற்று. ஆகவே அங்கே ஆடு மாடு கூடாது. வைத்திருப்பவர்களுக்கு வேறு நிலம் பிறகு பார்க்கப்படும். இந்தப் "பிறகு" என்ற சொல்லுக்குத் தோட்டத்தில் என்ன அர்த்தம் என்று எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்பாவின் அப்பாவுக்கும் பிறகு வீடு தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

ஆக, அந்த மூன்று என்ற எண்ணால் அப்பாவின் வீடு போனது.

சந்தேகப் பிராணி

வீட்டில் எனக்கு வைத்த பெயர் சந்தேகப் பிராணி. வைத்தவர் என் கணவர். நான் அதை மறுக்கப் போவதில்லை. பண்டாரவளைச் சந்தையில் லீக்ஸ் வாங்கினால் கட்டை அவிழ்த்து நடுவைப் பார்ப்பேன். யாராவது என் சேலை நன்றாக இருக்கிறது என்றால், இவளுக்கு என்ன வேண்டும் என்றுதான் முதலில் யோசிப்பேன். ஒரு தடவை கோயில் பாதர் "உடம்பு எப்படி இருக்கிறது?" என்று ஒரே வாரத்தில் இரண்டு முறை கேட்டுவிட்டார். மூன்றாம் நாளே சீனி வருத்தம் பார்க்க இரத்தப் பரிசோதனைக்குப் போய்விட்டேன். ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. அந்த முடிவின் மேலும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது.

முப்பது வருஷம் தமிழ் படிப்பித்தேன். அந்தத் தொழிலுக்கு இந்தக் குணம் பொருத்தம். பிள்ளை எழுதிக் கொண்டுவரும் கட்டுரையை நம்பக் கூடாது. எழுத்துப் பிழை எங்கேயோ ஒளிந்திருக்கும். சிவப்புப் பேனா என் கைப்பையில் சாவிக்கொத்துக்குப் பக்கத்தில் எப்போதும் கிடக்கும். பசறையில் ஒரு பேக்கரியின் பலகையில் "பாண்" சரியாகவும் "பணிஸ்" தப்பாகவும் இருந்ததைச் சொல்லி, கடைக்காரரோடு சண்டை போட்டவள் நான். கல்யாணப் பத்திரிகை, மரண அறிவித்தல், சங்க நோட்டீஸ், எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் திருத்திக் கொடுப்பேன். கொடுத்ததும் மறந்துவிடுவேன்.

பேச்சோடு பேச்சாக மாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாடு என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் செல்வம் என்று பொருள். பக்கம் என்றும் ஒரு பொருள் உண்டு. பத்தாம் வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்த அன்று கடைசி வரிசை வாங்கிலிருந்து ஒருத்தி எழுந்தாள். "டீச்சர், அப்ப நீங்க எங்கள 'மாடே, மாடே'ன்னு ஏசுறது 'செல்வமே, செல்வமே'ன்னு அர்த்தமா?" வகுப்பே உருண்டு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அன்றிலிருந்து நான் ஏசினால் "தேங்க்ஸ் டீச்சர்" என்பார்கள்.

ஆனால் தோட்டத்தில் மாடு என்றால் செல்வம் என்று யாரும் ஏசுவதில்லை. அப்பா கொழுந்து மலையில் நின்ற காலத்தில், காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் பிந்தி வந்தால் கங்காணி "வருது பாரு எரும" என்பாராம். மெதுவாக நடந்தால் மாடு. வேகமாக நடந்தால் அவிழ்த்துவிட்ட மாடு. நடக்காமல் நின்றால் சண்டி மாடு. அத்தனை பேச்சு வாங்கிய அப்பா, சொந்தமாக ஒரு மாடு வாங்கினதே இல்லை. "ஒரு லயத்துக்கு நாங்க போதும்" என்பார்.

எனக்கு அந்தச் சொல்மேல் அதனாலோ என்னவோ ஓர் ஒவ்வாமை. பிள்ளைகள் கட்டுரையில் "ஆடு மாடு" என்று எழுதினால் வெட்டி, "கால்நடை" என்று எழுதுவேன். எழுத்தென்றால் கொஞ்சம் கௌரவமாக இருக்க வேண்டாமா என்று நினைத்தேன்.

தடயங்கள்

பட்டியல் பார்த்த அன்றே அப்பாவை விசாரித்தேன். இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், உட்கார்ந்து பால் விடாத சாயத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கி நக்கிக் குடிப்பது அவர் வழக்கம்.

"அப்பா, வீட்டுப் பதிவு எழுத வந்தவங்ககிட்ட மாடு இருக்குன்னு சொன்னீங்களா?"

"நான் ஏம்மா சொல்றேன்? மாட்டப் பத்தி அவங்க கேக்கவே இல்லியே."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்னா இருக்கு? பேரு கேட்டாங்க, வயசு கேட்டாங்க, எத்தன பேருன்னு கேட்டாங்க, வாகனம் கேட்டாங்க. சைக்கிள்கூட இல்லம்மான்னேன். மாடுங்கற பேச்சே வரல."

"அப்ப ஒங்களுக்குப் பின்னால யாரு நின்னா?"

அப்பா சீனியை நக்கினார். "முத்துலெச்சுமி."

முதல் தடயம். அவரே மாட்டைப் பற்றிப் பேசவில்லை. அவருக்குப் பின்னால் நின்றவளிடம் மூன்று மாடு இருக்கிறது.

இரண்டாவது தடயம் தம்பி மனைவி கொடுத்தது. பதிவு எடுக்க வந்த பெண்ணும் முத்துலெட்சுமியும் ஏதோ பேசிச் சிரித்தார்களாம். "எங்க பக்கம் கைய காட்டிச் சிரிச்சாங்க அண்ணி" என்றாள். எங்கள் பக்கம் கையைக் காட்டி ஏன் சிரிக்க வேண்டும்? லயத்துக்குப் பக்கத்தில் அவள் மகனின் ஆட்டோ நிற்பது எனக்கு அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

மூன்றாவது தடயம்தான் என் சந்தேகத்தை உறுதிப்படுத்தியது. பட்டியல் வந்த மறுநாளிலிருந்து முத்துலெட்சுமி எங்கள் வீட்டுக்குச் சும்மாவே பால் கொண்டுவந்து வைக்கத் தொடங்கினாள். ஒரு போத்தல், நுரையோடு. "புள்ளைங்க குடிக்கட்டும் மாமா." குற்றமுள்ள நெஞ்சு இப்படித்தான் பாலாக வடியும் என்று நான் முடிவு கட்டினேன். தம்பி மனைவி காய்ச்சித் தந்த பாலை நான் தொடவில்லை. வாசனை மட்டும் மூக்கில் ஏறியது. நல்ல பால்.

அடுத்த முறை போனபோது நேராகவே கேட்டேன். அவள் கொட்டிலில் தவிடு கரைத்துக்கொண்டிருந்தாள். செவலைப் பசு என்னைப் பார்த்து மூச்சு விட்டது.

"அக்கா, ஒங்க மாடு எத்தன?"

"ஏன் தங்கச்சி, கண்ணு வைக்கவா?" என்று சிரித்தாள். "மூணுதான். செவல செனையா இருக்கு, முனியாண்டி கண்ணத் தொறந்தா நாலாயிரும்."

"எழுத வந்தவங்க மாட்டப் பத்திக் கேட்டப்ப என்னா சொன்னீங்க?"

"மாட்டப் பத்தியா? மாட்டப் பத்தி அவங்க கேக்கவே இல்லியே."

அதே வசனம். சொல்லுக்குச் சொல் அப்பா சொன்ன அதே வசனம். உங்களைப் போன்ற நல்ல மனிதர்கள் என்ன நினைத்திருப்பீர்கள்? இரண்டு பேரும் ஒன்றையே சொல்கிறார்களே, அது உண்மையாக இருக்கலாமே என்று நினைத்திருப்பீர்கள். நான் நினைத்தது வேறு. இவள் அப்பாவுக்கும் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். அன்றைக்கு என்னைப் பெற்ற தகப்பனையும் சந்தேகப்பட்டேன். இன்றைக்கு எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

திரும்பும்போது கொய்யா மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று, மூன்று மாடுகளையும் கைபேசியில் படம் எடுத்தேன். அறுபதை நெருங்கும் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை, கொய்யா மரத்துக்குப் பின்னால், கன்றுக்குட்டி திரும்பட்டும் என்று காத்துக்கொண்டு. என் கணவர் பார்த்திருந்தால் அந்தப் பெயரை அட்டையில் எழுதி என் கழுத்தில் மாட்டியிருப்பார்.

மேற்படி

பெட்டிசம் எழுதினேன். பெயர் போடாத பெட்டிசம். மொட்டைக் கடுதாசி என்பது கோழையின் வேலை என்று வகுப்பில் எத்தனையோ தடவை சொன்னவள்தான். ஆனால் அப்பாவின் பெயரைப் போட்டால் பக்கத்து வீட்டுப் பகை. என் பெயரைப் போட்டால் தோட்டத்துக்குள் தலை காட்ட முடியாது. பதுளை வீட்டில் சாப்பாட்டு மேசையில், மத்தியானம், கோடு போட்ட தாளில் எழுதினேன்.

"மேற்படி முத்துலெட்சுமி என்பவர் தமக்குரிய மூன்று கால்நடைகளைத் தந்திரமாக மறைத்து, அவற்றை அயல்வீட்டு முதியவர் ஒருவரின் பெயரில் ஏற்றிவிட்டுள்ளமை தங்களின் மேலான கவனத்துக்குக் கொண்டுவரப்படுகிறது." ஒரு பிழை கிடையாது. வல்லினம் மிகும் இடமெல்லாம் மிகுந்திருந்தது. படத்தையும் அச்செடுத்து இணைத்தேன். பசறையில் இருந்த திட்ட அலுவலகத்தின் பெட்டியில் போட்டுவிட்டு, மனது லேசாகி, அதே பேக்கரியில் மீன் வைத்த மாலு பணிஸ் ஒன்று சாப்பிட்டேன். பலகையில் எழுத்துப் பிழை இன்னும் அப்படியே இருந்தது.

இரண்டு வாரத்தில் விசாரணைக்கு வந்தார்கள். அதே கொழுந்து மடுவம். பின்னேரம் கொழுந்து நிறுத்து முடிந்து, தரை ஈரமாக இருந்தது. திட்டத்திலிருந்து வந்தவர் பண்டாரவளைப் பக்கத்து இளம்பெண்; எல்லோரும் மிஸ் என்றார்கள். நிறுவைத் தராசுக்குப் பக்கத்து மேசையில் கோப்பை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். வேலை முடித்து வந்த பெண்கள் கூடையோடு சுற்றி நின்றார்கள். அப்பா ஒரு பக்கம், முத்துலெட்சுமி ஒரு பக்கம். நான் தற்செயலாக வந்தவள்போல் தூணோரம் நின்றேன்.

மிஸ் பெட்டிசத்தை உரக்க வாசித்தார்.

"மேற்படி" என்ற சொல் வந்ததும் இரண்டு மூன்று தலைகள் என் பக்கம் திரும்பின. "தங்களின் மேலான கவனத்துக்கு" என்றபோது மிச்சத் தலைகளும் திரும்பிவிட்டன. அந்தத் தோட்டத்தில் அப்படி எழுதக்கூடிய ஆள் யார் என்று ஆராய்ச்சி வேண்டியிருக்கவில்லை. முத்துலெட்சுமி மட்டும் திரும்பவில்லை. அவள் மிஸ்ஸின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வாசித்து முடித்து மிஸ் அப்பாவைப் பார்த்தார். "தாத்தா, நேரா கேக்கிறேன். ஒங்களுக்குக் கால்நடை உண்டா?"

"இருக்குங்க மிஸ்" என்றார் அப்பா.

மனிதருக்குப் புத்தி பேதலித்துவிட்டதா?

"எத்தன?"

"மூணுங்க."

"எங்க இருக்கு?"

"எங்கன்னா? பஸ் நிக்கிற எடத்துல இருந்து நம்ம லயம் மட்டும். மூணு கட்ட. ரோடு ஒடைஞ்சா சுத்திக்கிட்டு வரணும், அப்ப நாலு கட்டயாயிரும்."

கட்டை என்றால் எங்களுக்கு மைல். கூடைக்காரிகளில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். மடுவம் முழுக்கச் சிரிப்புப் பரவியது.

மிஸ் சிரிக்கவில்லை. முத்துலெட்சுமி பக்கம் திரும்பினார். "அம்மா, ஒங்களுக்குக் கால்நடை?"

"நமக்கு இல்லீங்க மிஸ். மகன் ஆட்டோ வச்சிருக்கான்ல. போறது வாறதெல்லாம் அதுலதான். அன்னைக்கு எழுத வந்த புள்ளைக்கும் ஆட்டோவக் காட்டித்தானே சொன்னேன்."

"அப்ப மாடு?"

"மாடு மூணு இருக்குங்க. அத யாரும் கேக்கலியே மிஸ். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

எழுத வந்தவர்கள் நிரப்பிய போமில், அதாவது படிவத்தில், பதினோராவது கேள்வி வாகனம் உண்டா என்பது. பன்னிரண்டாவது, கால்நடை உண்டா என்பது. வாகனம் இல்லாத என் அப்பா, ஆமாங்க, கால்நடைதான் என்றிருக்கிறார். எத்தனை என்று கேட்டதற்கு, தினம் நடக்கிற மூன்று கட்டையைச் சொல்லியிருக்கிறார். வாகனம் இருக்கிறவள், கால்நடை இல்லை என்றிருக்கிறாள். இரண்டு பேரும் கேட்ட கேள்விக்கு உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். தோட்டத்தில் மாட்டை மாடு என்போம், மாடு கண்ணு என்போம், வாயில்லாச் சீவன் என்போம். கால்நடையாகப் போனோம், கால்நடையாக வந்தோம் என்பதற்கு மட்டும்தான் அந்தச் சொல். அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். முப்பது வருஷப் பாடப் புத்தகத்தில் மறந்துபோயிருக்கிறேன்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆள் கிடைத்துவிட்டதல்லவா? தூணை விட்டு முன்னால் வந்தேன்.

"மிஸ், தோட்டத்து ஆளுங்கள்ட்ட கேக்கிற போம்ல யாரு இப்படித் தமிழ் எழுதுறது? ஆடு மாடு இருக்கான்னு கேட்டா என்னா கொறஞ்சா போகும்?"

மிஸ் என்னையே பார்த்தார். பிறகு கோப்பின் அடியிலிருந்து ஒரு பழைய தாளை உருவினார்.

"நாங்க மொதல்ல அப்படித்தான் டீச்சர் போட்டிருந்தோம். பதுளையில ஒருத்தர்ட்ட குடுத்துத் திருத்தினோம்."

படிவத்தின் முதல் பிரதி. பன்னிரண்டாவது கேள்வி: "ஆடு, மாடு இருக்கா?" அதன் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. ஓரத்தில் சிவப்பு மையில்: "கொச்சை. 'கால்நடை உண்டா?' என்க." அந்த "டை"யின் சுழிப்பை எங்கே பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும். எந்த மாதம், யார் கொண்டுவந்து தந்தார்கள், எதுவும் ஞாபகம் வரவில்லை. தேத்தண்ணி ஆறுவதற்குள் திருத்திக் கொடுத்திருப்பேன்.

மிஸ் அந்தத் தாளைப் பெட்டிசத்துக்குப் பக்கத்தில் வைத்தார். சிவப்பு எழுத்தும் நீல எழுத்தும். குரலை உயர்த்தாமல்தான் கேட்டார்.

"ரெண்டும் ஒங்க கையெழுத்துத்தானே டீச்சர்?"

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

இரண்டாம் கட்டம்

அந்த இடத்திலேயே அப்பாவின் பெயர் முதல் தாளுக்குப் போனது. அதே பேனாவால், அதே மேசையில், முத்துலெட்சுமியின் பெயர் இரண்டாவது தாளுக்கு வந்தது.

"மிஸ், பெட்டிசத்த விட்டுருங்க. அது நான் தெரியாம எழுதுனது" என்றேன்.

"பெட்டிசத்த விட்டுரலாம் டீச்சர். மாடு இருக்கே" என்றார் மிஸ்.

முத்துலெட்சுமி கேட்டாள். "மாட்ட வித்துட்டா மொதல் தாள்ல வருவேனா மிஸ்?"

"வரலாம்மா."

அவள் புருஷன் செத்தபிறகு அந்தப் பால்தான் வீட்டை நடத்தியது. ஆட்டோ வந்ததே பாலில்தான். "செவல செனையா இருக்குங்க" என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டுப் புல்லறுக்க நேரமாகிறது என்று போய்விட்டாள். அப்பா வாய் திறக்கவில்லை. அவளுக்காகத் திறந்திருந்தால் தன் பேரப்பிள்ளைகளின் வீட்டைத்தான் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

இப்போது அப்பா மேற்பிரிவில் இருக்கிறார். இரண்டு அறை, ஒரு குசினி, சிமெந்து வாசனை இன்னும் போகாத வீடு. தம்பி மனைவி விளக்குமாற்றுக் குச்சியை வீடு கூட்ட மட்டும் எடுக்கிறாள். மழை வந்தால் பிள்ளைகள் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அப்பா என்னோடு முன்போல் பேசுவதில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வார். தானாக ஒன்றும் கேட்க மாட்டார்.

பழைய லயத்தில் நான்கைந்து குடும்பம் மிச்சம். இரண்டாம் கட்டத்துக்கு நிலம் பார்ப்பதாகச் சொல்கிறார்கள். பின்னால் மலை இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே அங்கே போனேன். விசாரணைக்குப் பிறகு அவள் முகத்தில் முழிக்கத் தைரியம் வர எனக்கு ஐந்து மாதம் பிடித்திருக்கிறது. காலையிலேயே மழை பிடித்துவிட்டது. முத்துலெட்சுமி இஸ்தோப்பில் உட்கார்ந்து உடுப்பு மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லி அறிவித்திருந்தார்கள். மாடுகளைப் பள்ளிக்கூடத்தில் விட மாட்டார்கள் என்பதால் அவள் மகன் அவற்றை மேட்டுக்கு ஓட்டிக்கொண்டு போயிருந்தான்.

"வாங்க டீச்சர். ஒக்காருங்க" என்றாள்.

முப்பது வருஷத்துக்கு மேலாக என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டவள். நான் கல்யாணம் முடித்துப் பதுளைக்குப் போன அன்று, என் பெட்டியைத் தலையில் வைத்து பஸ் வரைக்கும் தூக்கி வந்தவள். அந்த "டீச்சர்" எனக்கு அறைந்ததுபோல் இருந்தது. உட்காரவில்லை. நின்றுகொண்டே, வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். சந்தேகப்பட்டது என் தப்பு என்றேன். அந்தப் போமைத் திருத்தியதும் நான்தான் என்றேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். அழுகை வந்தது, அழுதேன்.

அவள் மூட்டையின் முடிச்சை இழுத்து இறுக்கினாள். கோபமாகச் சொல்லவில்லை. ஏதோ விலாசம் சொல்வதுபோல் சொன்னாள்.

"போம்ல நீங்க எழுதுன தமிழு எனக்கும் வெளங்கல, மாமாவுக்கும் வெளங்கல டீச்சர். பெட்டிசத்துல எழுதுன தமிழு எல்லாருக்கும் நல்லா வெளங்குச்சுங்க."